இளைத்த லாபம்

எழுபதுகளின் கடைசியில் கோயம்புத்தூர் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பம்ப் செட் கம்பெனிகளும் ஃபவுண்டரிகளும்தான் எங்கள் பார்ட்டிகள். அன்றைக்கு ஒருவர் கம்பெனியை விற்கிறார் என்றால் ஒன்று நொடித்துப் போயிருக்க வேண்டும், அல்லது அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றிருக்க வேண்டும். திட்டம் என்று ஒன்று இருந்தால், அது விஷயம் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வதுதான். விலை பேசுவதும் சுலபம். இடத்துக்கு சென்ட் கணக்கு, லேத்துக்கு எடைக் கணக்கு, வராத பாக்கிக்கு ஒரு பெருமூச்சு. லாபம் எவ்வளவு என்று வாங்குபவர் கேட்கவே மாட்டார். அதை இல்லாமல் ஆக்குவதற்குத்தானே எங்களுக்குச் சம்பளம்!

காரணம் இருந்தது. 1973-74-இல் தனிநபர் வருமான வரியின் உச்சம், சர்சார்ஜோடு 97.75 சதவீதம். பிற்பாடு வரி இறங்கியது; பழக்கம் இறங்கவில்லை. முதலாளி வீட்டுச் சமையல்காரர் கேன்டீன் ஊழியராக இருப்பார். மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களின் லாட்ஜ் வாடகை 'வியாபார அபிவிருத்தி'யில் போகும். மார்ச் கடைசியில் கையிருப்புச் சரக்கு திடீரென்று இளைத்துவிடும். "இந்த வருசமும் ஒண்ணும் நிக்கலீங்க" என்றபடி முதலாளி புது அம்பாசிடரிலிருந்து இறங்குவார்.

2012-இல் எங்கள் ஊர் சாந்தி கியர்ஸ் கம்பெனி முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுக்குக் கைமாறியது. அதை நிறுவிய சுப்பிரமணியத்தை சாந்தி சோஷியல் சர்வீசஸ் என்ற தொண்டு அமைப்பின் வழியாக ஊர் கும்பிட்டது. விற்றவர் தலைகுனிய வேண்டியதில்லை என்று பலருக்கு அப்போதுதான் உறைத்திருக்கும்.

இப்போது கம்பெனி நன்றாக ஓடும்போதே விற்கத் திட்டம் போடுகிறார்கள். "பையன் கனடாவுல செட்டில் ஆயிட்டானுங்க, மூணு வருசத்துல குடுத்துடலாம்னு இருக்கேன்." வருட லாபத்தை ஐந்தாலோ ஆறாலோ பெருக்கி விலை பேசுகிறார்கள். ஒரு லட்சத்தை மறைத்தால் ஆறு லட்சம் போச்சு. மூன்று வருடத்துக்கு மேல் நடந்த தொழிலை மொத்தமாகக் கொடுத்தால், 2024 ஜூலைக்குப் பிறகு மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், மேலே சர்சார்ஜும் செஸ்ஸும். ஆக, லாபம் வளர்ந்தாக வேண்டும்.

அப்படி விற்கப்போகும் ஒரு கம்பெனியில், பழைய லெட்ஜர் புரியவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். வாங்குகிறவர்கள் சார்பில் ஒரு சின்னப் பெண், மடிக்கணினியோடு. முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"கணக்குல வராத சேல்ஸும் இருக்குதுங்க. அதையும் சேத்துக்குங்க."

"ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல காட்டியிருக்கீங்களா சார்?"

"இல்லீங்க."

"அப்ப அது சேல்ஸ் இல்ல சார், வரி பாக்கி. பின்னால நோட்டீஸ் வந்தா நீங்கதான் கட்டுவீங்கன்னு அக்ரிமென்ட்ல எழுதணும்."

முதலாளி மோர் குடித்தார். அடுத்து, தொழிலுக்குத் தேவைப்படாத செலவுகளைக் களைந்து லாபத்தில் சேர்க்கும் வேலை. டைரக்டர் பட்டியலில் எண்பத்து நாலு வயது அம்மா.

"அம்மாவுக்குத் தொழில்ல ஒரு சம்பந்தமும் இல்லீங்க, ஆபீஸ் பக்கமே வந்ததில்ல" என்றார் பெருமையாக. இதே அம்மாவைப் பற்றித்தான், "அவங்களைக் கேக்காம ஒரு ஆர்டர்கூட எடுக்க மாட்டோமுங்க" என்று முன்பு வருமான வரி அதிகாரியிடம் சொன்னார். பக்கத்தில் நான்தான் ஃபைலோடு நின்றிருந்தேன்.

அந்தப் பெண் அம்மாவின் சம்பளத்தை லாபத்தில் கூட்டி, ஆறால் பெருக்கிக் காட்டினாள். முதலாளி முகம் மலர்ந்தது.

"மாமியாருக்கும் ஒரு சம்பளம் போகுதுங்க" என்றார்.