பீஃப் ஊரில் பிஞ்சுப் பலா

கேள்வி: கொச்சி பிராட்வேயில் கடை வைத்திருக்கும் நண்பர், இறைச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் போகிறாராம். பீஃப் வறுவல் மணக்கும் ஊரில் நடக்கிற காரியமா?

பதில்: ஏற்கெனவே நடக்கிறதே! கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் பலர் ஈஸ்டருக்கு முன் ஐம்பது நாள் நோன்பும், கிறிஸ்துமஸுக்கு முன் 25 நாள் நோன்பும் இருக்கிறார்கள். இறைச்சி கிடையாது; கறாரானவர்கள் மீன், முட்டை, பாலையும் தள்ளிவைப்பார்கள். வருஷத்தில் இரண்டரை மாத ஒத்திகை!

படகேறினால் மட்டாஞ்சேரி. அங்கே குஜராத்தி ரோட்டில் ஜைனக் கோயில். ஜைன விதிப்படி வெங்காயம், உருளைக்கிழங்குக்குக்கூடத் தடை. நண்பர் முதல் நாளே அந்தப் பக்கம் போய் மிரள வேண்டாம்.

மிளகும் தேங்காய்க்கொத்தும் போட்டு இடிச்சக்கையை, அதாவது பிஞ்சுப் பலாவை, வறுக்கட்டும். 2018-இல் கேரளத்தின் மாநிலப் பழமான பலாவில் புரதம் குறைவு. அதற்குப் புட்டோடு கடலைக்கறி இருக்கிறது. கரிமீனை எப்போது விடுவார் என்று மட்டும் இப்போதே கேட்காதீர்கள்.