சக்கர நட்டும் முன்வினையும்: திருக்கடையூர்ச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

திருக்கடையூருக்கு வரும் வாகனங்களைப் பற்றி அறிஞர் உலகம் இதுவரை போதிய கவனம் செலுத்தவில்லை. மார்க்கண்டேயருக்காகச் சிவபெருமான் காலனை உதைத்த தலம் என்பதால், 60 பிறக்கும்போது உக்ரரத சாந்தி, 60 நிறைந்தால் மணிவிழா, 70-ல் பீமரத சாந்தி, 80-ஐ ஒட்டிச் சதாபிஷேகம் என்று ஆண்டு முழுவதும் தம்பதிகள் இங்கே வந்தவண்ணம் இருக்கிறார்கள். தனியாகவும் வருவதில்லை. பிள்ளைகள், சம்பந்திகள், பேரக் குழந்தைகள், சீர்வரிசைத் தட்டுகள் சகிதம் இன்னோவாவிலும் டெம்போ டிராவலரிலும் வருகிறார்கள். எனவே ஆக்கூருக்கும் திருக்கடையூருக்கும் நடுவே ஒரு டயரில் காற்று இறங்கினால், வண்டியிலிருக்கும் முக்கியஸ்தருக்கு வயது குறைந்தது 60 என்றும், ஹோமத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது என்றும் கொள்வதில் தவறில்லை. இந்த இரண்டு அடிப்படைகளின் மேல் நின்று, சக்கர நட்டைக் கழற்ற எந்த பேட்டரி இம்பாக்ட் ரென்ச்சை வாங்குவது என்ற கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது.

இத்துறையில் மூன்று மரபுகள் உண்டு. முதலாவது மிதி மரபு. வண்டியோடு வந்த எல் ஸ்பானரை நட்டில் மாட்டி, கைப்பிடியைப் படுக்கை வசமாக வைத்து, நுனியில் ஏறி நிற்பது இதன் முறை. இதை ஏளனம் செய்வோர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 60 கிலோ எடையுள்ளவர் 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் முனையில் நின்றால் ஏறத்தாழ 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கிறது. கார் நட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் விதிக்கும் அளவோ பெரும்பாலும் 85-லிருந்து 130-க்குள் அடங்கும். ஆகவே மணிவிழா நாயகரே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி நின்றால் நட்டு கழன்றாக வேண்டும். நடைமுறையில் கழல்வதில்லை. இரண்டாவது பைப் மரபு. ஸ்பானரில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி நெம்புவது. இது நிச்சயம் எதையாவது கழற்றும். சில சமயம் நட்டை, சில சமயம் நட்டு ஏறியிருக்கும் ஸ்டட்டை. மூன்றாவது கன் மரபு, அதாவது இம்பாக்ட் ரென்ச்சை நம்புவது; 1000 நியூட்டன் மீட்டருக்குக் குறைந்த எதையும் மதிக்காதவர்கள் இதைச் சேர்ந்தவர்கள். மூன்று மரபினரும் நட்டையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதைக் கடைசியாக முடுக்கியவரை.

நட்டின் பிடிவாதம் அதன் பிறவிக் குணமல்ல என்பதே இக்கட்டுரையின் கோட்பாடு. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கிய ஒரே ஒரு நட்டு, ரிம்மை ஹப்போடு சுமார் 4 டன் விசையில் அழுத்திப் பிடிக்கிறது. அப்படி நான்கைந்து நட்டுகள் இருக்கும்போது சக்கரத்துக்கு வேறு பாதுகாப்பு தேவையில்லை. ஆனால் டயர் மாட்டியவர் கம்ப்ரசர் கன்னை நட்டில் வைத்து, தன் மனம் நிறையும்வரை விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் அளவு 300-ஐத் தாண்டிவிடும். ஸ்டட் நீண்டுவிடுகிறது, த்ரெட்டுகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. பக்கத்திலேயே தரங்கம்பாடிக் கடல். உப்புக்காற்று துருவைச் சேர்த்து அந்தப் பந்தத்தை நிரந்தரமாக்குகிறது. பிறகு சாலையோரத்தில் ஒரு முதியவர் எல் ஸ்பானர் மேல் நின்று குதிக்கிறார். அவர் அனுபவிப்பது இன்னொருவருடைய முன்வினையை. கன் வாங்கும் அவசியமே, முன்பு இன்னொரு கன் அளவின்றி வேலை செய்ததால்தான் பிறக்கிறது.

இந்த வினையை அறுக்க இம்பாக்ட் ரென்ச் தகுதியானதுதான். அது நட்டைத் திருகுவதைவிட, அறைகிறது என்பதே சரி. உள்ளே மோட்டார் ஒரு சுத்தியலைச் சுழற்றுகிறது. நட்டு அசைய மறுத்தால் ஸ்பிரிங் அழுந்திச் சுத்தியல் பின்வாங்குகிறது, மறுகணம் பாய்ந்து பக்கவாட்டில் மோதுகிறது. நிமிடத்துக்கு 2000, 3000 மோதல்கள். துரு இந்த அதிர்வுக்கு உடைவதுபோல் நிதானமான இழுப்புக்கு உடையாது. ஒவ்வொரு மோதலும் கணநேரமே நீடிப்பதால் பிடித்திருப்பவரின் மணிக்கட்டும் தப்புகிறது. சதாபிஷேகத்துக்கு வந்தவரே இதைப் பிடித்து 400 நியூட்டன் மீட்டரைச் செலுத்தலாம். எல் ஸ்பானரில் அதே அளவு கிடைக்க வேண்டுமானால் அவரோடு மாப்பிள்ளையும் ஏறி நிற்க வேண்டும்.

அப்படியானால் 1400 நியூட்டன் மீட்டர் கன்னையே வாங்கிவிடலாமே என்பார்கள். இதற்குத் தலபுராணத்திலேயே பதில் இருக்கிறது. காலன் வீசிய பாசக்கயிறு மார்க்கண்டேயரோடு அவர் தழுவியிருந்த லிங்கத்தையும் சேர்த்து வளைத்தது. பிடித்திருப்பவன் எதைப் பிடித்திருக்கிறான் என்று பாராமல் பலத்தை மட்டும் நம்பி இழுத்தான், விளைவு தெரிந்ததே. நீண்டு தளர்ந்த ஸ்டட்டில் லாரிக்கான கன்னை வைப்பதும் அதே பிழை. அரை அங்குல முனை, 18 வோல்ட், பிரஷ் இல்லாத மோட்டார், கழற்றும் விசை 400-லிருந்து 600-க்குள்: காருக்கு இதுவே அளவு. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது கழற்றும் விசையா முடுக்கும் விசையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எது பெரியதோ அதுவே பெட்டியின் முகப்பில் இருக்கும்.

வோல்ட் விஷயத்தில் சந்தை இன்னும் தாராளமானது. ‘88 வி.எஃப்.’ போன்ற எண்களைப் பார்த்து மயங்குவோர் பேட்டரியைத் திறந்தால், பெரும்பாலும் தொடராக இணைத்த 5 லித்தியம் செல்களைக் காண்பார்கள். செல்லுக்கு 3.6 வீதம் 18 வோல்ட். முழுச் சார்ஜில் 21. மீதி 67 அச்சகத்தில் சேர்ந்தது. சாக்கெட்டிலும் மோசம் போகலாம். பளபளக்கும் குரோம் சாக்கெட் கை ஸ்பானருக்கானது, கன்னின் அறையில் வெடிக்கக்கூடும். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்தான் வேண்டும்; மாருதிக்கு 19, ஹூண்டாய்க்கும் இன்னோவாவுக்கும் 21 என இரண்டும் இருந்தால் எந்தச் சம்பந்தி வண்டிக்கும் உதவலாம். சித்திரை வெயிலில் மூடிய டிக்கிக்குள் பேட்டரியை வதக்குவது அதன் ஆயுளைக் குறைக்கும். இந்த ஊருக்கு வரும் வழியில் அப்படிச் செய்வது முரண்.

டியூப்லெஸ் டயருக்குத் திரி செருகினால் போயிற்று, நட்டைத் தொடுவானேன் என்பது அடுத்த மறுப்பு. ஆணிக்கு அது சரி. ஆனால் பள்ளத்தின் விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் திரி உதவாது, ஸ்டெப்னிதான். பஞ்சர் கடைக்குப் போன் செய்யலாமே என்போருக்கு: விடிவதற்குள் திறக்கும் கடை கிடைத்தாலும், அங்கிருந்து வருபவரும் கன்னோடுதான் வருவார், முன்வினையில் இன்னொரு தவணை சேரும்.

இங்கேதான் ஆய்வு தன் முடிவை எட்டுகிறது. கன்னைக் கழற்றுவதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். மாட்டும்போது நட்டைக் கையால் ஓட்டி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, தயாரிப்பாளர் விதித்த அளவுக்கு வைத்த டார்க் ரென்ச் ‘டக்’ என்றதும் நிறுத்திவிட வேண்டும். த்ரெட்டில் ஆயில் விடக்கூடாது. உராய்வு குறைந்து, அதே அளவிலேயே ஸ்டட் கூடுதலாக இழுபடும். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இப்படிச் செய்தால் அடுத்த முறை எல் ஸ்பானரே போதும். கன் வேலையின்றிக் கிடக்கும். 8000, 10,000 கொடுத்து வாங்கியதைச் சும்மா வைப்பதா என்று கேட்பவர்கள், ஆயுள் காப்பீட்டைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்பதுண்டா என்று யோசிக்கட்டும். மணிவிழா மண்டபத்தில் குவியும் சால்வைகளுக்கு நடுவே ஒரு டார்க் ரென்ச்சும் வழங்கப்பட வேண்டும் என்று இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. 60-ல் அதைப் பெற்றவர் 80-ல் அதே நட்டைத் தானே கழற்றுவார். அதற்குள் வண்டி மாறியிருக்குமே என்றால், 21-ம் நம்பர் சாக்கெட்டையும் சேர்த்து வாங்கச் சொன்னது அதற்குத்தான்.