வைகையில் மிதந்த வெள்ளை அட்டை: ஓர் ஆவியியல் ஆய்வு

2017 ஏப்ரல் 21. முழுக் கொள்ளளவு 71 அடி என்று பெயர் பெற்ற வைகை அணையில் அந்தக் கோடைக்குக் கொஞ்சம் தண்ணீர்தான் கிடந்தது. அதையும் வெயில் குடித்துவிடக் கூடாதே என்று அமைச்சர் செல்லூர் கே. ராஜு தெர்மாகோல் அட்டைகளை டேப் ஒட்டி மிதக்கவிட்டார். பத்து லட்ச ரூபாய்த் திட்டம் என்றார்கள். சற்று நேரத்தில் அட்டைகள் கரையேறிவிட்டன.

செய்தி இங்கே முடிகிறது, நம் ஆய்வு தொடங்குகிறது.

அட்டை ஏன் நிற்கவில்லை? தெர்மாகோலில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. சொந்தக்காரன் வெளியே நின்று கூப்பிட்டால் எவன்தான் வீட்டில் இருப்பான்? இதைச் சரிபார்க்க மொட்டைமாடியில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, அரையடி அட்டையை மிதக்கவிட்டு, மேசை விசிறியை மூன்றில் வைத்தேன். அட்டை அண்டாவைத் தாண்டி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டில் காய்ந்துகொண்டிருந்த கூழ்வடகத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த வீட்டு அக்கா தெரிவித்த கருத்து ஆய்வேட்டில் அச்சேறத் தக்கதல்ல.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 2015 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி முடித்தார்கள். அவை பறக்கவில்லை. ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கனம் சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான் சூட்சுமம். ஆக, மதுரைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் ஆவியாகிறதே என்று அமைச்சர் பட்ட கவலை நியாயமானது. எடைதான் பத்தவில்லை. மீம் போட்ட யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மீம் என்றதும் ஆய்வின் மையத்துக்கு வந்துவிட்டோம். அன்று மாலைக்குள் கைபேசிகள் நிரம்பிவிட்டன. நாசா வந்தது, நோபல் வந்தது, எந்த விஷயத்துக்கும் ஒரு முகம் வைத்திருக்கும் நம்மூர் வடிவேலுவும் வந்தார். அமைச்சருக்குச் ‘சயின்டிஸ்ட்’ பட்டம் கிடைத்தது. பல்கலைக்கழகம் தந்திருந்தால்கூட அது இத்தனை நாள் நிலைத்திருக்காது. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் கத்திரி வெயில் பிறந்ததும் முதலில் வருவது தண்ணீர் லாரி நேரம், அடுத்தது தெர்மாகோல் படம். டீக்கடையில் யாராவது புது யோசனை சொன்னால், “வாங்க சயின்டிஸ்ட், உக்காருங்க” என்று கிளாஸ் நீளுகிறது.

எனவே இவ்வாய்வின் முடிபு: பரிசோதனை தோற்கவில்லை, பொருள்தான் மாறிவிட்டது. தண்ணீருக்காக விட்ட தெர்மாகோல் ஒரு பெயரை ஆவியாகாமல் காத்துக்கொண்டிருக்கிறது.

கரையேறியவை அட்டைகள் மட்டுமல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நான்கு ஆண்டுகள் ஊரே சிரித்து முடித்த பிறகு, 2021 சட்டமன்றத் தேர்தலில் மதுரை மேற்குத் தொகுதியில் செல்லூர் கே. ராஜுவே மறுபடியும் ஜெயித்தார்.