பத்து ரூபாய்க்கு மேல்

எழுபதுகளில் செங்கல்பட்டில் காசு சேர்க்க ஆரம்பித்த பையனுக்குப் போட்டி என்று ஒருவர்தான் இருந்தார்: பேரீச்சம்பழக்காரர். ஈயம், பித்தளை, ஓட்டை அண்டா, எதைக் கொண்டுவந்தாலும் தராசில் போட்டுப் பழம் கொடுப்பார். பரணில் கிடந்த காலணாக்களும் அதே தராசில்தான் ஏறின. விக்டோரியா ராணி தலையா, ஐந்தாம் ஜார்ஜ் தலையா என்று அவர் பார்த்ததே இல்லை. செம்பா, எடை எவ்வளவு, அவ்வளவுதான். காசைச் சோதிக்க முதலில் எடை போட வேண்டும் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்தபோது, எங்கள் தெருவுக்கு வந்த முதல் நாணய நிபுணர் அவர்தான் என்று புரிந்தது.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதியே பதினாறு அணா போய் நூறு நயா பைசா வந்துவிட்டது. பாட்டிக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. கடைசிவரை நாலணா, எட்டணாதான். அவர் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் ஓட்டைக் காலணாக்கள் கிடக்கும். 1943 முதல் 1947 வரை, யுத்தத்தை முன்னிட்டுச் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்த காசு. சர்க்கார் மிச்சம் பிடித்த துளையை ஜனங்கள் வீணாக்கவில்லை. தாய்மார்கள் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோத்தார்கள், சைக்கிள் கடைக்காரர் வாஷராக மாட்டினார். கேட்டால் பாட்டி கொடுத்துவிடுவார், ஆனால் புளி போட்டுப் பளபளவென்று துலக்கித்தான் கொடுப்பார். காசில் ஏறிய பழுப்புதான் அதன் வயசு என்று பாட்டியிடம் சொல்ல யாருக்குத் தைரியம் உண்டு?

வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. டஃப்நெல் என்ற ராணுவக் கேப்டன், தென்னிந்தியாவில் காசு சேர்ப்போருக்கான குறிப்புகளை 1880-களிலேயே சென்னையில் அச்சிட்டிருக்கிறார். தேசிகாச்சாரியின் தென்னிந்திய நாணய நூல் 1933-இல் வந்தது. இரண்டும் ஆங்கிலம், எங்களுக்கு எட்டவில்லை. எங்கள் பாடத்திட்டம் வேறு. ஜங்ஷனுக்கு அப்பால் தண்டவாளத்தில் ஒரு பைசாவை வைத்துவிட்டுச் சரக்கு வண்டிக்காகக் காத்திருப்பது. வண்டி போன பிறகு கையில் மிஞ்சுவது உலோகவியல்.

ஊரே சேர்த்த காசு ஒன்றும் உண்டு. 1968 முதல் 1971 வரை வந்த, தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசா. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஒரு பேச்சு. கலந்தது செம்பும் அலுமினியமும் கொஞ்சம் நிக்கலும்தான். ஆனாலும் 108 சேர்த்து லட்சுமிக்கு அர்ச்சனை செய்தார்கள், டப்பாவில் பூட்டினார்கள். இன்று அந்தக் காசு இவ்வளவு நல்ல நிலையில் கிடைக்கிறதென்றால் அந்தப் புரளிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சரித்திர ஆர்வம் ஒரு காசைக்கூட இப்படிப் பத்திரப்படுத்தியதில்லை.

மாமல்லபுரத்தில் சேர்க்கும் முறையே வேறு. கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள், கடற்கரைக் கோயில் பக்கம் குப்பத்துப் பிள்ளைகள் மணலை அரிப்பார்கள். எப்போதாவது நகம் அளவு செம்பு அகப்படும். ஒருபக்கம் காளை தெரிந்தால் யோகம். மறுபக்கம் இரட்டைப் பாய்மரக் கப்பலும் தெரிந்தால் ராஜயோகம். உப்பு தின்ற பல்லவர் காசில் பாதியைக் கண்ணால் பார்க்கலாம், மீதியை நம்பிக்கையால்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தக் கோயிலுக்குப் போகும் வழியில் விற்கிற பல்லவர் காசில் காளையின் கண்ணிமைகூடத் தெரிகிறது. “ஒரிஜினல் பல்லவா சார், ஆயிரத்து முந்நூறு வருஷம் சார்!” விற்பவர் கைநிறைய வைத்திருக்கிறார், எல்லாம் ஒரே அச்சு, விளிம்பில் வார்ப்புக் கோடு, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற பச்சைக் களிம்பு. புதிதாகச் சேர்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது: தாராளமாக வாங்குங்கள், பக்கத்துக் கடைக் கல்யானைக் குட்டியின் விலைக்கு.

நிஜக் காசே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துவிட்டால்தான் சங்கடம். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றைக்குப் பத்து ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அதற்கு ஒரு டீ கிடைக்கலாம், அதுவும் நோட்டாகக் கொடுத்தால். நாணயமாக நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார். பத்து ரூபாய் நாணயத்தின் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிவித்தும், பஸ்ஸில் ஒரு கண்டக்டர் என்னிடம், “அதெல்லாம் பேங்க்ல போய்ச் சொல்லுங்க சார்” என்றார்.

அன்று சாயங்காலமே தம்பி மகன் ஓடி வந்தான். “பெரியப்பா, வைஷ்ணோ தேவி போட்ட அஞ்சு ரூபா இருக்கா? பத்து லட்சத்துக்கு வாங்கிக்கிறாங்களாம்!” 2012 என்று வருஷம் போட்டுப் புழக்கத்துக்கே விட்ட காசு அது. தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாகக் கமிஷனும் வரியும் கறக்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் எச்சரித்தது. பத்து ரூபாய் காசு பத்து ரூபாய்க்குப் போகாது, அஞ்சு ரூபாய் காசு பத்து லட்சத்துக்குப் போகும். இதை நம்பும் ஊரில்தான் நாணயவியல் வளர வேண்டியிருக்கிறது.

பையனை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனேன். வருஷத்துக்குக் கீழே பார், என்று சொல்லிக் கொடுத்தேன். புள்ளி இருந்தால் நொய்டா, வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. நாலு அக்கசாலையும் ஒரு சட்டைப்பையில் அடங்கும். காசு கொடுத்து வாங்கவே வேண்டாத சேகரிப்பு. சில்லறை மட்டும் வேண்டும். இளநீர் வண்டியில் அவன் வழக்கம்போல் போனை எடுத்து அட்டையை ஸ்கேன் பண்ணப் போனான். நான் தடுத்து இருநூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். “பத்து ரூபா காயினா தரட்டா சார்? ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாங்க” என்றார் இளநீர்க்காரர், தயங்கியபடி. நாங்கள் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

பையன் மணலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினான். புள்ளி, புள்ளி, வைரம், வெறுமை, மறுபடி வைரம். நட்சத்திரம் மட்டும் அகப்படவில்லை.

“பெரியப்பா, இன்னொரு இளநீர் குடிக்கலாமா?”