படை வருமுன் பக்கத்து வீடு

கேள்வி: ஆபத்து என்றால் மீட்புப் படை வரப்போகிறது. எண்ணூர்க் குப்பத்து மக்களுக்குப் பயிற்சி எதற்கு?

பதில்: படைக்கு முன்னால் அமோனியா வந்துவிடுகிறதே! 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கடலடிக் குழாய் கசிந்து பெரியகுப்பமே மூச்சுத் திணறி எழுந்தது. ஈரத்துணியால் மூக்கைப் பொத்து, காற்றுக்குக் குறுக்கே விலகி ஓடு என்று சொல்லத் தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும். காற்றின் திசையை மீனவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். வாயுவின் குணத்தைத்தான் சொல்லித்தர வேண்டும். மத்திய அரசின் 'ஆப்த மித்ரா' திட்டத்தில் தன்னார்வலருக்கு 12 நாள் பேரிடர் பயிற்சி தரப்பட்டது. எண்ணூரில் அப்படியொரு பயிற்சியின் முதல் பாடம் ரசாயனக் கசிவாக இருக்கட்டும். 2017-இல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது கசிந்த எரிபொருள் எண்ணெய்க் கசடை வாளியில் அள்ளியவர்கள் இங்கே உண்டு. ஆள் தயார், கையுறையும் முகக்கவசமும் பயிற்சியும் கொடுங்கள், அதிகாரிகளே!