பிக்கப் வாங்குவதா, லாட்ஜில் தூங்குவதா?

மைசூரு ராமாபுரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் என்ற பெயரில் கேள்வித்தாளே அனுப்பிவிட்டார். இந்த வாரம் மேடை அவருக்கு. இடையில் ஒன்றிரண்டு பேர் நுழைகிறார்கள், பொறுத்தருள்க.

கேள்வி: மாதம் ஒருமுறை மனைவியோடு ஊட்டி, வயநாடு என்று கிளம்பி வண்டியிலேயே தூங்க ஆசை. மற்ற நாளில் தோட்டத்துக்கு உரமூட்டை, தேங்காய். முதலில் பிக்கப் வாங்கவா, அதன் மேல் வைக்கும் கேம்பர் அறையைச் செய்யவா?

முதலில் ஒரு காகிதம் எடுங்கள். உள்ளே வைக்கப்போகும் ஒவ்வொன்றையும் எழுதி எதிரே கிலோ போடுங்கள். ஐம்பது லிட்டர் தண்ணீர் ஐம்பது கிலோ. நிறைந்த வீட்டு சிலிண்டர் சுமார் முப்பது. 18 மி.மீ. பிளைவுட் முழுப் பலகை ஒன்று முப்பத்தைந்து கிலோவைத் தொடும். இன்வெர்ட்டர் பேட்டரி ஐம்பதைத் தாண்டும். கடைசியில் உங்கள் இருவர் எடை. மனைவியின் எடையை அவரிடமே கேட்பதா என்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. மொத்தம் தெரிந்த பிறகு வண்டி தேடுங்கள். வண்டியை முதலில் வாங்கியவர்கள்தான் பிற்பாடு பட்டறையில் உட்கார்ந்து பின்பக்க ஸ்பிரிங்குக்கு ஒரு பிளேட், அதற்கு மேல் இன்னொரு பிளேட் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எவ்வளவு சுமக்கும் என்று விற்பனையாளர் சொல்வதை நம்பலாமா?

அவரை நம்புங்கள், ஆர்.சி.யை இன்னும் அதிகமாக நம்புங்கள். சுமையோடு எவ்வளவு, சுமையில்லாமல் எவ்வளவு என்று இரண்டு எடை அதில் இருக்கும். கழித்தால் வருவதுதான் உங்கள் வரம்பு. வேலை முடிந்ததும் எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

பொலீரோ கேம்பர் என்றே ஒரு வண்டி விற்கிறதே, அது போதாதா?

அது இரட்டைக் கேபின் பிக்கப். உள்ளே கட்டில் தேடாதீர்கள். ஒரு டன் அளவுக்குச் சுமக்கும், ஆனால் தொட்டி சுமார் ஐந்தடி. நீங்கள் ஐந்தே முக்கால் அடி என்றால் தொட்டிக் கதவைத் திறந்துவிட்டுக் காலை வெளியே நீட்ட வேண்டும். கொசுவுக்குக் கொண்டாட்டம். ஒற்றைக் கேபின் பொலீரோ பிக்கப்பில் தொட்டி எட்டடிக்கு மேல். இருவருக்கு அதுவே படுக்கையறை. இரட்டைக் கேபின், பிள்ளைகளையும் கூட்டிப் போகிறவர்களுக்கு. அவர்கள் தூங்கக் கூடாரம் தனியாக வாங்கிக்கொள்ளட்டும்.

டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ்?

ஓட்ட அருமை. ஆனால் சுமக்கும் அளவில் அந்தப் பொலீரோவே இவற்றைவிட மேல். ஹைலக்ஸ் 2022 மார்ச்சில் வந்தபோது ஆரம்ப விலை 33.99 லட்சம். மாதம் ஒரு இரவு, லாட்ஜுக்கு 2,500 ரூபாய் என்று வைத்தாலும் அந்தப் பணத்தில் நூற்றுப் பதின்மூன்று வருஷம் தூங்கலாம். காலைக் காப்பி அறைக்கே வரும்.

அமெரிக்காவில் தொட்டியில் முழு வீட்டையே ஏற்றிக்கொண்டு போகிறார்களே? (கேட்பவர் ஓசூர்)

அங்கே அதற்கென்றே ராட்சச பிக்கப் இருக்கிறது. கெட்டிச் சுவர் கொண்ட பெரிய கேம்பர் ஒரு டன்னைத் தாண்டும். கூரையைத் தூக்கி மடக்கும் ரகம் நானூறு, ஐந்நூறு கிலோவில் தொடங்கும். நாம் பார்த்துக் கற்க வேண்டியது இந்த இரண்டாவதை.

நம் ஊரில் யாராவது செய்திருக்கிறார்களா? (கோவையிலிருந்து ஒருவர்)

நாமக்கல் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, 2019-இல் ஒரு ஆட்டோவின் முதுகிலேயே வீடு கட்டிவிட்டார். 36 சதுர அடி, செலவு சுமார் ஒரு லட்சம். படுக்கை, சமையல், குளியல், கழிப்பறை, மேலே சூரியத் தகடு எல்லாம் உண்டு. 2021-இல் ஆனந்த் மகிந்திரா அதைப் பார்த்துவிட்டு, பொலீரோ பிக்கப் மேல் இதைவிடப் பெரிதாக ஒன்று செய்வாரா என்று ட்விட்டரில் கேட்டார். உங்களுக்கு வந்த அதே ஆசை, வண்டிக் கம்பெனி முதலாளிக்கும்! ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த வீட்டின் தண்ணீர்த் தொட்டி 250 லிட்டர். நிரப்பினால் கால் டன். வீட்டை நிறுத்திவிட்டு வாழ அது சரி, மலையேற வெறும் தொட்டியோடு கிளம்ப வேண்டும்.

மலையில் அப்படி என்ன ஆகிவிடும்?

திம்பம் மலைச்சாலையில் 27 கொண்டை ஊசி வளைவு. சுமை பின் அச்சுக்கும் பின்னால் போய்விட்டால் முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, முகப்பு விளக்கு சாலையை விட்டு மரக்கிளையைக் காட்டும். தண்ணீர், பேட்டரி இரண்டையும் கேபினை ஒட்டி, தரையோடு வையுங்கள். கூரை மேல் பாத்திர மூட்டை கட்டாதீர்கள்.

லைசென்ஸ்? ஆர்.டி.ஓ.?

கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமம் போதும். 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியையும் அதை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. சிக்கல் மறுபக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த வடிவை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. தொட்டியை வெட்டி அறையைப் பற்றவைத்தால் அது மாற்றம்தான். கழற்றி இறக்கும் அமைப்பு என்றால்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு, பதிலை வண்டியிலேயே வையுங்கள். மஞ்சள் போர்டு என்றால் எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கொரு எஃப்.சி., பிறகு வருஷாவருஷம். பழைய வண்டி பேரம் பேசும்போது இது நினைவிருக்கட்டும்.

ஓடும்போது மனைவி பின்னால் படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. சட்டமும் விடாது, அவரும் விடமாட்டார்.

பந்திப்பூர் காட்டுக்குள் நிறுத்தி யானை பார்த்துக்கொண்டே தூங்கலாமா?

யானைதான் உங்களைப் பார்க்கும். அந்தக் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். நாகரஹொளெ வழியாக மானந்தவாடி போகும் சாலை மாலை 6-க்கே மூடிவிடும். பகலிலும் நடுக்காட்டில் நிறுத்தக் கூடாது. நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு. குண்டலுபேட்டையிலோ மசினகுடியிலோ தங்குவிடுதி முற்றத்தில் காசு கொடுத்து நிறுத்துங்கள். கழிப்பறைக் கேள்விக்கும் அங்கேயே விடை.

குளிருக்கு உள்ளேயே அடுப்பு வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் அடுப்பும் கரியும் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் அப்படித்தான். சமையல் வெளியே, ஐந்து கிலோ சிலிண்டரில். உள்ளே கம்பளி.

கடைசியாக, ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒற்றைக் கேபின் பொலீரோ அல்லது அசோக் லேலண்ட் தோஸ்த், அதன் மேல் கழற்றும் கம்பிச் சட்டமும் தார்ப்பாயும், மடக்கும் பலகைக் கட்டில், இருபது லிட்டர் கேன் இரண்டு. இந்த ஏற்பாட்டில் நாலைந்து இரவு தூங்கி இருவர் முதுகும் சம்மதித்த பிறகு கெட்டி அறையைப் பற்றிப் பேசுவோம். அடுத்த கடிதத்தோடு எடைமேடைச் சீட்டை இணையுங்கள். அது இல்லாமல் வரும் கேள்விக்கு இங்கே பதில் கிடையாது.