சுதந்திரவாதிகளே, பதுளைக்கு வாருங்கள்

அரசாங்கம் சிறுக்க வேண்டும், சந்தை பெருக்க வேண்டும், அவனவன் சொத்துக்கு அவனவனே ராஜா என்று கொழும்பின் குளிரூட்டிய மண்டபங்களில் ஆங்கிலத்தில் பேசிக் கலைகிறீர்கள். ஐயாமாரே, அந்தப் பொன்னுலகைப் புத்தகத்தில் ஏன் தேடுகிறீர்கள்? பசறை, நமுனுகுல, ஹப்புத்தளைப் பக்கம் ஏதாவதொரு தோட்டத்துக்கு ஏறி வாருங்கள். அரசாங்கத் தொல்லை அங்கே அவ்வளவாக இல்லை. பல தோட்டங்களில் தபால்காரர்கூட லயத்துக்கு வந்து யார் நிம்மதியையும் கெடுப்பதில்லை; கடிதம் தோட்டத்து ஆபீசிலேயே கிடக்கும். சொத்துரிமையா? தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் காம்பராவுக்கு உறுதி கிடையாது.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். மாற்றுக் காணி மட்டும் கொடுக்கவில்லை. விரும்பிய இடத்துக்குக் குடிபெயரும் சுதந்திரம் அந்தச் சனத்துக்குப் பூரணமாக இருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை லயங்கள்மேல் இறங்கியது.

கொழுந்து நிறுக்கும் நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த மிச்சந்தான் கணக்கில் ஏறும். குறித்த கிலோ எட்டவில்லையா, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். சங்கத்துச் சந்தாவில் மட்டும் அரை கிடையாது, முழுசாகவே வெட்டுவார்கள். சந்தையின் கை கண்ணுக்குத் தெரியாதாம். எங்கள் தராசுத் தட்டில் விரல் ரேகையோடு தெரியும். 2024இல் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும், அரசு தலையிடலாமா என்று கம்பனிகள் நீதிமன்றத்துக்கு ஓடின. கடைசியில் 1,350. 2026 வரவுசெலவுத் திட்டத்தில், வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாயைத் திறைசேரியே தரும் என்றார்கள். அந்தத் தலையீடு மட்டும் யாருக்கும் கசக்கவில்லை.

வாக்குச் சுமையையும் ஒருமுறை இறக்கிவைத்தார்கள். 1947இல் தோட்டத்துச் சனம் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஆசனங்களைக் கொடுத்தது, வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்குக் கை கொடுத்தது. மறுவருடமே குடியுரிமைச் சட்டம். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இலங்கையின் சிறிமாவும் இந்தியாவின் சாஸ்திரியும் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்டார்கள். கடைசியாக மிச்சமிருந்தவர்களுக்கான சட்டம் வர 2003 ஆயிற்று.

அப்படி மீட்ட வாக்கைத்தான் இப்போது எங்கள் தலைவர்மார் காவல் காக்கிறார்கள். "மூணாவது கட்சிக்குப் போட்டா வாக்கு செத்துப்போகும்!" ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு இடலாம். 2024இல் மலையகத்தின் பெயரால் தனித்து நின்ற திலகராஜுக்கு 1 போட்டு, முதலிரண்டு இடத்துக்குள் வரக்கூடிய ஒருவருக்கு 2 போட்டிருந்தால் எந்த வாக்கும் சாகாது. அந்த வருடம் இரண்டாம் விருப்பை உண்மையாகவே எண்ணினார்கள். இதை எந்தத் தலைவர் எந்தப் பிரட்டுக்களத்தில் விளக்கினார்? விளக்கினால், மொத்தமாகப் பேரம் பேச கையில் என்ன இருக்கும்?

செத்த வாக்கைப் பார்க்க வேண்டுமானால் 2020க்குப் போங்கள். அரசை எதிர்த்து ஐக்கிய மக்கள் சக்திக்குப் பதுளையில் போட்ட வாக்கில் வென்ற அரவிந்தகுமார், அதே வருடம் ஒக்டோபரில் கோட்டாபயவின் 20ஆம் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 2022இல் இராஜாங்க அமைச்சரும் ஆனார். வாக்கு வீணானது என்று அப்போது ஒரு தலைவரும் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை.

2019இல் 3.16 வீதம் எடுத்து எல்லாரும் சிரித்த அந்த மூன்றாவது கட்சி, தேசிய மக்கள் சக்தி, 2024 நவம்பரில் 159 ஆசனம் எடுத்தது. பதுளையிலிருந்து கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் திசைகாட்டியில் பாராளுமன்றம் போனார்கள். சந்தோஷம். முதலாம் கட்சி ஆனதும் அவர்களுக்கும் முதலாம் கட்சியின் வியாதி தொற்றிவிட்டது. ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை, ஆளுநர்தான் ஆள்கிறார். கேட்டால் எல்லை நிர்ணயம், சட்டச் சிக்கல் என்று பழைய ஆட்களின் பதிலையே புது மைக்கில் சொல்கிறார்கள். எந்தக் கட்சிக்குப் போட்டால் வாக்கு வீண் என்று பிறகு விவாதிக்கலாம், தோழர்களே. முதலில் வாக்குச்சீட்டை அச்சடியுங்கள்.